பக்கத்து பாக்டீரியாவுக்குள் விஷப்புரதம்: நான்கு சவ்வுகளைத் தாண்டி எப்படிப் போகிறது?

வடகரை:
நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது: காலரா கிருமி தன்னை ஒட்டியிருக்கும் வேறு பாக்டீரியாவைக் குத்தி உள்ளே விஷப்புரதம் ஏற்றும் என்று. பாடம் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது, எனக்குத்தான் போக முடியவில்லை. விப்ரியோ காலரே கிராம் நெகட்டிவ், அதாவது உள்சவ்வு, வெளிச்சவ்வு, நடுவில் மெல்லிய செல்சுவர். எதிராளியும் பெரும்பாலும் அதே மாதிரிதான். ஆக ஒரு பெரிய புரதம் தன் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு என நான்கு சவ்வுகளைத் தாண்ட வேண்டும். சும்மா கசிந்து போக வழியே இல்லை. இன்னொன்று, கூட்டமாக வாழும் கிருமி இப்படிக் குத்திக்கொண்டே இருந்தால் முதலில் சாவது கூடப்பிறந்தவைதானே?

நுண்ணோக்கி:
இரண்டாவது கேள்விதான் பெரியது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கருவி.

இதன் பெயர் டைப் 6 சுரப்பு அமைப்பு. 2006இல் ஹார்வர்டில் ஜான் மெக்கலனோஸ் ஆய்வகத்தில் ஸ்டெஃபான் புகாட்ஸ்கியும் குழுவினரும் வி52 என்ற காலரே வகையை டிக்டியோஸ்டீலியம் அமீபாவுக்கு இரையாகப் போட்டார்கள். அமீபா வழக்கமாக பாக்டீரியாவைத் தின்று வாழும், ஆனால் இங்கே செத்தது அமீபாதான். எந்த ஜீனைக் கெடுத்தால் அமீபா பிழைக்கிறது என்று தேடிப்போனபோது இந்த ஜீன் கூட்டம் சிக்கியது. அதே ஆண்டு சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இன்னொரு நோய்க்கிருமியிலும் இதை ஜோசஃப் முகூஸ் முதலானோர் விவரித்தார்கள். அதனால் கொஞ்ச காலம் எல்லோரும் இது நம்மைப் போன்ற உயிர்களின் செல்லைத் தாக்கும் ஆயுதம் என்றே நினைத்தார்கள். 2010இல் சூடோமோனாஸின் டிஎஸ்இ2 என்ற நஞ்சு பிற பாக்டீரியாவைக் கொல்வதற்கானது என்று தெரிந்த பிறகுதான் பார்வை திரும்பியது. இன்று தெரிந்த டைப் 6 நஞ்சுகளில் பெரும்பகுதி பாக்டீரியாவுக்கு எதிரானவைதான்.

அமைப்பைச் சொல்கிறேன். உள்சவ்வையும் வெளிச்சவ்வையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சவ்வுத்தளம். அதன்மேல் அடித்தட்டு. அடித்தட்டிலிருந்து செல்லின் உட்புறம் நோக்கி ஒரு குழாய் வளர்கிறது. ஹெச்சிபி என்ற புரதத்தின் ஆறு பிரதிகள் சேர்ந்தால் ஒரு வளையம், வளையங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் குழாய். குழாயின் வெளிப்பக்க நுனியில் விஜிஆர்ஜி என்ற மூன்று பிரதி முள், முள்ளின் உச்சியில் பிஏஏஆர் என்ற சின்னக் கூம்பு. குழாயைச் சுற்றி ஒரு உறை, அது இழுத்து நீட்டிய நிலையில் கட்டப்படுகிறது. செல்லின் அகலம் முழுக்க, ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குக்கூட நீளும்.

2012இல் மாரெக் பாஸ்லரும் மார்ட்டின் பில்ஹோஃபரும் மற்றவர்களும் இதை உயிருள்ள செல்லில் ஒளிர்புரதம் ஒட்டி வீடியோ எடுத்தார்கள், கூடவே உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமும் எடுத்தார்கள். உறை 5 மில்லிசெகண்டுக்குள் பாதி நீளமாகச் சுருங்குகிறது. முழுக்கைச் சட்டையின் கையைச் சரேலென்று மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் கை வெளியே தெரிவது போல, உறை சுருங்க, சுருங்காத குழாய் தன் இரு சவ்வுகளையும் தாண்டி வெளியே பாய்கிறது. ஒட்டியிருக்கும் செல்லையும் அதே வேகத்தில் குத்துகிறது. ஆக உங்கள் நான்கு சவ்வுக் கணக்கில் புரதம் தானாக எதையும் கடப்பதில்லை. குத்துக்கு வேண்டிய ஆற்றல், நீட்டிய உறையைக் கட்டும்போதே அதில் ஏறிவிடுகிறது, சுடும் நேரத்தில் ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள், செலவாவதில்லை. ஏடிபி செலவு அப்புறம்தான்: கிளிப்வி என்ற புரதம் சுருங்கிப்போன உறையைத் துண்டுதுண்டாகப் பிரித்து மறுபடி கட்டக் கொடுக்கும்போது.

சும்மாபார்ப்பவன்:
இது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜின் வால் மாதிரியே இருக்கிறதே. வைரஸிடம் திருடிய ஆயுதமா?

நுண்ணோக்கி:
@சும்மாபார்ப்பவன் திருட்டா, பொது மூதாதையா என்று முடிவாகச் சொல்வது கஷ்டம். ஆனால் உறவு உறுதி. ஹெச்சிபியின் மடிப்பு லாம்டா ஃபேஜின் வால்குழாய்ப் புரதத்தோடு ஒத்துப்போகிறது, விஜிஆர்ஜி டி4 ஃபேஜின் முள்ளோடு. ஃபேஜ் வெளியிலிருந்து உள்ளே டிஎன்ஏ ஏற்றும், இது உள்ளிருந்து வெளியே புரதம் ஏற்றும். சூடோமோனாஸ் வெளியிடும் ஆர் வகை பயோசின்கள் என்ற கொல்லும் துகள்களும் தலையில்லாத ஃபேஜ் வால்கள்தான், ஆனால் அவற்றை வெளியிட அந்தச் செல்லே வெடித்துச் சாக வேண்டும். ஈ.கோலையின் கோலிசின் என்ற நஞ்சுப்புரதம் வெளியே வருவதும் செல் அப்படிச் செத்தால்தான். 1925இல் ஆந்திரே கிராசியா பார்த்தது முதல் இன்றுவரை பாடப்புத்தகத்தில் பாக்டீரியா சண்டை என்றால் கோலிசின்தான் வரும், அது நீரில் பரவிப் போய் ஏற்பியைப் பிடிக்கிற முறை. டைப் 6இல் சுட்டவன் உயிரோடு இருப்பான், திரும்பச் சுடுவான். தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும் என்பது அதற்கான விலை.

மருந்துச்சீட்டு:
ஒரு சந்தேகம். ஹெச்சிபி வளையத்தின் துளை 4 நானோமீட்டர்தான் என்று நினைவு. பெரிய நஞ்சுப்புரதம் அதற்குள் எப்படி நுழையும்?

நுண்ணோக்கி:
நுழையாது. சின்ன நஞ்சுகள் வளையத்துக்குள் உட்கார்ந்து போகும், டிஎஸ்இ2 அப்படி. பெரியவை முள்ளிலோ கூம்பிலோ தொற்றிக்கொண்டு போகும். சிலவற்றில் விஜிஆர்ஜியின் வால்பகுதியே நஞ்சு. காலரேயின் விஜிஆர்ஜி3 செல்சுவரை அறுக்கும், விஜிஆர்ஜி1 செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளைத் தாறுமாறாகப் பிணைக்கும். ஆக்டின் பாக்டீரியாவில் கிடையாது, அமீபா செத்தது இதனால்தான்.

இப்போது கூடப்பிறந்தவர்கள் கேள்வி. ஒவ்வொரு நஞ்சு ஜீனுக்கும் பக்கத்திலேயே அதற்கான முறிப்புப் புரதத்தின் ஜீன் இருக்கும். டிஎஸ்இ2வுக்கு டிஎஸ்ஐ2. நஞ்சு வேலை செய்யும் இடத்திலேயே முறிப்பு காத்திருந்து, பூட்டுக்குச் சாவி என்ற பொருத்தத்தில் அதைப் பிடித்து அடைத்துவிடும். எனக்குப் பிடித்த விவரம் டிஎஸ்இ1, டிஎஸ்இ3 இரண்டையும் பற்றியது, 2011இல் வந்தது. இவை செல்சுவரின் பெப்டிடோகிளைக்கானை அறுப்பவை. சுவர் இருப்பது இரண்டு சவ்வுக்கும் நடுவில். தயாரிப்பவரின் சைட்டோபிளாசத்தில், அதாவது உள்சவ்வுக்கு உட்புறம், இவை சும்மா கிடக்கும், அறுக்க அங்கே சுவரே இல்லை. ஆனால் இவற்றின் முறிப்புகள் நிற்பது சவ்வுகளுக்கு நடுவில். தான் தயாரித்த நஞ்சுதான் ஆபத்து என்றால் முறிப்பு அங்கே நிற்கத் தேவையில்லை, ஏனென்றால் டைப் 6 நஞ்சை அந்த இடைவெளியில் சிந்தாமல் நேராக வெளியே கொண்டுபோகிறது. முறிப்பு அங்கே நிற்பது பக்கத்துச் சகோதரனின் குத்துக்காக.

அதாவது சகோதரர்கள் ஒருவரையொருவர் ஓயாமல் குத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிரி என்றால் முறிப்பு ஜீன் இல்லாதவன், அவ்வளவுதான் வரையறை.

கல்லாங்காய்:
கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. சூடோமோனாஸ் ஏருஜினோசா குறிபார்த்துத்தான் சுடும். 2013இல் பாஸ்லரின் கட்டுரை: டைப் 6 வேலை செய்யும் காலரேயோடு கலந்து வைத்தால் சூடோமோனாஸ் அதைக் கொன்று தள்ளுகிறது, டைப் 6 கெட்டுப்போன காலரேயை ஒன்றும் செய்வதில்லை. தன்னை எந்த இடத்தில் குத்தினார்களோ அந்த இடத்திலேயே கருவியைக் கட்டித் திருப்பிச் சுடுகிறது. இது எதிரியை அடையாளம் காண்பது இல்லையா? "முறிப்பு இல்லாதவன் எதிரி" என்று முடித்துவிட்டால் இந்த நடத்தைக்கு இடமே இல்லாமல் போகிறது.

நுண்ணோக்கி:
@கல்லாங்காய் சூடோமோனாஸுக்கு நீங்கள் சொல்வது சரி. சவ்வில் அடி விழுந்ததை உணர்ந்து, பாஸ்பேட் ஏற்றும் ஒரு சமிக்ஞைத் தொடர் வழியாகக் கருவியை அங்கே எழுப்புகிறது. ஆனால் அது உணர்வது "அடி விழுந்தது" என்பதை, அடித்தவர் யார் என்பதை அல்ல. காலரே வி52 அதுகூடப் பார்ப்பதில்லை, திசை தெரியாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். சூடோமோனாஸும் தன் இனத்தான் குத்தினால் திருப்பிக் குத்துகிறது, 2012இல் இந்த எதிர்க்குத்துச் சண்டை முதலில் பதிவானதே இரண்டு சகோதரச் செல்களுக்கு நடுவில்தான். இருவரும் சாவதில்லை, ஏனென்றால் முறிப்பு இருக்கிறது. கடைசித் தீர்ப்பு அங்கேதான் நடக்கிறது என்பதால்தான் அப்படி எழுதினேன்.

கல்லாங்காய்:
சாவதைத் தீர்மானிப்பது முறிப்பு, ஒப்புக்கொள்கிறேன். யாரைச் சுடுவது என்பதைத் தீர்மானிப்பது வேறு. இரண்டும் ஒன்றல்ல. சூடோமோனாஸ் குண்டுகளை வீணாக்காமல் இருப்பதற்கு ஒரு பலன் இருந்தால்தானே இந்தத் தொடர் பரிணாமத்தில் நிலைத்திருக்கும்?

நுண்ணோக்கி:
இப்படிப் பிரித்துச் சொன்னால் எனக்கும் சண்டை இல்லை. செலவு பற்றி மட்டும் ஒரு விஷயம். சகோதரனை நோக்கிப் போகும் குத்து முழு வீண் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வெட்டிகரும் பாஸ்லரும் காட்டியது: புரத உற்பத்தியையே நிறுத்திவைத்த காலரே செல்கள், பக்கத்துச் சகோதரன் குத்தியதில் உள்ளே வந்த ஹெச்சிபியையும் விஜிஆர்ஜியையும் வைத்துத் தங்களுக்கு ஒரு புதிய கருவியைக் கட்டிக்கொள்கின்றன. சரக்கு எதிராளியின் சைட்டோபிளாசம்வரை போய்ச் சேர்கிறது என்பதற்கும் இது நல்ல சான்று.

ஈரமணல்:
டைப் 6 ஒன்றையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தொட்டு வளர்ச்சியை நிறுத்தும் முறையான சிடிஐ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதில் குத்தே இல்லை, எதிராளியின் வாசல் வழியாகவே உள்ளே போகும்.

கலிபோர்னியா சான்டா பார்பராவில் டேவிட் லோவின் குழு, எலியின் குடலிலிருந்து எடுத்த ஈ.கோலை இசி93 என்ற வகை பிற ஈ.கோலைகளைத் தொட்டாலே அவற்றின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது என்று 2005இல் சொன்னது. சிடிஐபி என்ற புரதம் வெளிச்சவ்வில் வாசலாக நிற்கும், சிடிஐஏ என்ற மிக நீண்ட புரதம் அதன் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கடைசிப் பகுதிதான் நஞ்சு. அழகு என்னவென்றால் சிடிஐஏ முழுசாக வெளியே வருவதே இல்லை, நஞ்சுப் பகுதி தன் செல்லின் இரு சவ்வுக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. நீட்டிய முனை எதிராளியின் வெளிச்சவ்வில் இருக்கும் பாம்ஏ என்ற புரதத்தைத் தொட்டதும்தான் மீதி வெளியே வந்து, எதிராளியின் வெளிச்சவ்வைத் தாண்டிப் போகிறது. அப்புறம் உள்சவ்வைத் தாண்ட எதிராளியின் சொந்தப் புரதம் ஒன்றையே பிடித்துக்கொள்ளும், நஞ்சுக்கு நஞ்சு அது மாறும். பாம்ஏ என்பது எதிராளி தன் வெளிச்சவ்வைக் கட்டவே தேவைப்படும் புரதம், வேண்டாம் என்று தூக்கிப் போட முடியாது. ஆனால் அதன் வெளிப்புற வளையங்கள் இனத்துக்கு இனம் மாறுவதால் இசி93 தாக்குவது பெரும்பாலும் ஈ.கோலைகளைத்தான். நெருங்கிய சொந்தக்காரனோடுதான் சாப்பாட்டுப் போட்டியும் அதிகம்.

@கல்லாங்காய் உங்களுக்குக் குறிபார்த்துச் சுடுவது வேண்டுமென்றால் இதுதான். இதிலும் சிடிஐஐ என்ற முறிப்பு உண்டு.

நாற்றங்கால்:
நான் படித்தவன் இல்லை, விவசாயி. நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி கலந்துதான் விதைக்கிறேன், இலைக்கருகலுக்கு நல்லது என்று வேளாண்துறையில் சொன்னார்கள். தம்பிகள் சொல்கிற சூடோமோனாஸ் அதுதானா? அதுவும் குத்துகிறதா?

நுண்ணோக்கி:
ஐயா, நீங்கள் போடுவது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், மனிதருக்கு நோய் தரும் ஏருஜினோசா வேறு. இரண்டும் ஒரே பேரினம், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். குத்துகிறதா என்றால், அதன் உறவுக்காரன் சூடோமோனாஸ் புடிடா டைப் 6 வழியாக சாந்தோமோனாஸ் காம்பெஸ்ட்ரிஸைக் கொல்கிறது, ஒரு புகையிலை இனத்தின் இலையிலேயே நோயைக் குறைக்கிறது என்று 2017இல் காட்டியிருக்கிறார்கள். நெல்லில் இலைக்கருகலைத் தருவதும் ஒரு சாந்தோமோனாஸ்தான். ஆனால் உங்கள் பொடி வேலை செய்வதற்கு நன்றாக நிறுவப்பட்ட காரணங்கள் வேறு: அது கசியவிடும் ஆன்டிபயாட்டிக் பொருள்கள், இரும்பைப் பிடித்து மற்றவர்களுக்குக் கிடைக்காமல் செய்வது, பயிரின் சொந்த எதிர்ப்பைத் தூண்டுவது. பொடியை ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு கலந்துவிடாதீர்கள், உயிரோடு இருந்தால்தான் இதில் எதுவும் நடக்கும்.

நாற்றங்கால்:
கலப்பதில்லை தம்பி. புரிந்தது.

சும்மாபார்ப்பவன்:
நம் குடலிலும் இந்த வெட்டுக்குத்து நடக்கிறதா? சாப்பிடும்போது கேட்கிறேன்.

ஈரமணல்:
நடக்கிறது. நம் பெருங்குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸுக்கு டைப் 6 உண்டு. கிருமியற்ற எலிகளை வைத்துச் செய்த 2016 ஆய்வொன்றில், குடல் உள்ளடக்கத்தின் ஒரு கிராமில் நிமிடத்துக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட குத்துகள் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், யாரும் எண்ணவில்லை. 2019இல் முகூஸ் குழுவும் மற்றவர்களும் காட்டியது இன்னும் சுவையானது: நஞ்சே இல்லாத பாக்டீராய்டிஸ் இனங்கள் பிறருடைய நஞ்சுக்கான முறிப்பு ஜீன்களை மட்டும் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆயுதம் கிடையாது, கவசம் மட்டும்.

காலரேயின் கதை வேறு. வரிமீன் குடலில் வைத்துப் பார்த்தபோது, டைப் 6 இருக்கும் காலரே அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வெளியேற்றியது. குத்திக் கொன்றதால் என்றுதானே நினைப்போம்? விஜிஆர்ஜி1இன் ஆக்டின் பிணைக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தபோது, தட்டில் ஏரோமோனாஸைக் கொல்லும் திறன் அப்படியே இருந்தது, மீனின் குடலிலிருந்து வெளியேற்றுவதுதான் நின்றுபோனது. அதாவது காலரே மீனின் குடலைப் பலமாகச் சுருங்க வைத்து, குடியிருந்தவனைத் தள்ளிவிட்டிருக்கிறது.

வடகரை:
கொன்ற செல்லின் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும் என்றும் படித்தேன். 1992 இறுதியில் சென்னையில் முதலில் தெரியவந்த ஓ139 காலரா, பழைய ஓ1 வகை வேறொரு பாக்டீரியாவின் ஜீன்களை வாங்கித் தன் மேற்பூச்சை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அது இப்படிக் குத்தித் திருடியதாக இருக்குமா?

நுண்ணோக்கி:
முதல் பாதி நிறுவப்பட்டது. 2015இல் மெலனி பிளோகெஷ் குழு: கடலில் இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருக்கும் கைட்டினில் வளரும்போது காலரே, வெளி டிஎன்ஏவை உள்வாங்கும் கருவிகளையும் டைப் 6ஐயும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்த்து இயக்குகிறது. பக்கத்தவனை உடைத்து, சிந்தும் டிஎன்ஏவை விழுங்குகிறது. ஒரே தடவையில் ஒரு லட்சம் எழுத்துகளுக்கும் மேல் போக முடியும். ஓ139இன் மேற்பூச்சு ஜீன்கள் வேறு எங்கிருந்தோ வந்தவை என்பதும் சரி. ஆனால் அவை குத்தித் திருடியவை என்று சொல்ல அந்த வகையிடம் எந்தத் தடயமும் கிடையாது. ஃபேஜ் வழியாகவும் வந்திருக்கலாம். தேர்வில் "இருக்கலாம்" என்றுகூட எழுதாதீர்கள்.

மருந்துச்சீட்டு:
இதை ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாக்கலாம் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே?

கல்லாங்காய்:
எனக்கு நம்பிக்கை குறைவு. கொல்லும் செல் நோய்க்கிருமியைத் தொட வேண்டும், ரத்தத்தில் ஓடும் கிருமியை எப்படித் தொடும்? கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த சுவர் டைப் 6 குத்துகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ஈரமணல் சொன்ன கவச ஜீன்கள் வேறு ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றுகின்றன. 2020இல் கொல்லும் செல்லின் மேல் நானோபாடி என்ற சின்ன எதிர்ப்பொருளை ஒட்டி, குறிப்பிட்ட இனத்தோடு மட்டும் ஒட்டவைத்துக் கொன்றார்கள். கெட்டிக்கார வேலைதான், இருந்தாலும் மாத்திரைக்கு வெகுதூரம்.

பயன் வேறு இடத்தில் வந்துவிட்டது. பர்க்ஹோல்டேரியா செனோசெபேசியா பிற பாக்டீரியாவுக்குள் ஏற்றும் டிடிடிஏ என்ற நஞ்சு, இரட்டை இழை டிஎன்ஏவில் இருக்கும் சைட்டோசின் என்ற எழுத்தையே நேரடியாக மாற்றிவிடும். அதுவரை தெரிந்த இவ்வகை நொதிகளுக்கு ஒற்றை இழை வேண்டும், அதற்கு இழைகளைப் பிரித்துத் தரும் கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தும் கருவி வேண்டும், கிரிஸ்பரின் வழிகாட்டி ஆர்என்ஏவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்புவது பெரும்பாடு. முகூஸும் டேவிட் லியூவும் சேர்ந்து இந்த நஞ்சை, தனித்தனியாகச் செயல்படாத இரண்டு பாதிகளாக வெட்டி, டிஎன்ஏவில் குறித்த இடத்தைப் பிடிக்கும் டேல் புரதங்களோடு ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மட்டும் எழுத்து மாறுகிறது. மனித செல்லின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் துல்லியமாக ஒற்றை எழுத்து மாற்றம் முதலில் சாத்தியமானது இப்படித்தான், 2020இல்.

மருந்துச்சீட்டு:
கிராம் பாசிட்டிவ் தாங்கும் என்றால் அவர்களுக்குள் சண்டையே இல்லையா?

ஈரமணல்:
உண்டு, டைப் 7 என்று வேறு கருவி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ் அதன் வழியாக, செல் ஆற்றல் பெறத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறை அழிக்கும் நஞ்சை அனுப்புகிறது, 2017இல் வந்தது. அதற்கும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தடித்த சுவரைத் தாண்டுவது எப்படி என்பதில்தான் இன்னும் நிறைய வேலை பாக்கி, தனி இழை போடுங்கள்.

வடகரை:
கடைசியாக ஒன்று. மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு இதில் ஏதாவது செய்ய முடியுமா? எங்கள் கல்லூரியில் ஒளிர் நுண்ணோக்கி கிடையாது.

நுண்ணோக்கி:
வெறும் கண்ணால் பார்க்க ஒன்று இருக்கிறது. புரோட்டியஸ் மிராபிலிஸ் அகார்மேல் அலையலையாகப் படர்ந்து ஓடும். வேறு வேறு வகைகள் இரண்டை ஒரே தட்டில் எதிரெதிராக வைத்தால், சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழும். ஒரே வகை என்றால் கோடு இல்லாமல் கலந்துவிடும். 1946இல் லூயி டைனஸ் விவரித்தது, டைனஸ் கோடு என்று பெயர். மருத்துவமனையில் பரவுவது ஒரே வகையா என்று பார்க்க இதைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். அந்தக் கோட்டில் டைப் 6 சண்டைக்குப் பங்கு இருக்கிறது என்பது 2013வாக்கில்தான் தெரிந்தது. சிறுநீர்த் தொற்று மாதிரிகளிலிருந்து பிரித்தெடுத்த வகைகளை உங்கள் துறை வைத்திருந்தால் அவற்றை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கலாம். நோய்க்கிருமி என்பதால் ஆசிரியர் அனுமதியும் மேற்பார்வையும் கட்டாயம். மக்கான்கி, சிஎல்இடி என்ற வளர்ப்பு ஊடகங்களில் போடாதீர்கள், இரண்டிலும் புரோட்டியஸ் படராது. சாதாரண எல்பி அகார் போதும், ஊற்றிய தட்டின் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் நின்றால் படரும் விளிம்பு குழம்பிக் கோடு தெளிவாகத் தெரியாது.

வடகரை:
துறையில் நான்கு வகை இருக்கிறதாம், திங்கட்கிழமை மேடத்திடம் கேட்கிறேன்.